மை ஃபன்னி வேலண்டைன்: இது கிண்டலா, கெஞ்சலா?

பழைய ரேடியோ

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மை ஃபன்னி வேலண்டைன் என்ற ஆங்கிலப் பாட்டை நான் முதன்முதலில் கேட்டது அமெரிக்க ஜாஸ் கலைஞர் செட் பேக்கர் குரலில். 1954இல் அவர் பாடிய பதிவு, அப்போது அவருக்கு 24 வயது. கேட்ட நாளில் எனக்கு வரிகள் அவ்வளவாகப் பிடிபடவில்லை, குரல்தான் பிடித்தது. அசைவோ அலங்காரமோ இல்லாமல், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பாடுவார். காதல் பாட்டு, அதிலும் ரொம்ப மென்மையான காதல் பாட்டு என்று நினைத்துப் பத்துப் பதினைந்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம்தான் வரிகளை அச்சில் உட்கார்ந்து படித்தேன். உன் தோற்றம் சிரிப்பை வரவழைக்கிறது, உன்னைப் போட்டோவில் அடக்க முடியாது, உன் உடல்வாகு கிரேக்கச் சிலைக்கு ஈடாகாதோ, உன் வாய் கொஞ்சம் தொய்ந்திருக்கிறதோ, அந்த வாயைத் திறந்து பேசினாலாவது புத்திசாலியாகத் தெரிவாயா என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறது பாட்டு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எனக்காக ஒரு முடியைக்கூட மாற்றிக்கொள்ளாதே, இரு என்கிறது. நேசிக்கிறவரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு உண்மையிலேயே குழப்பமாக இருக்கிறது.

இரவுப்பணி

வஞ்சப்புகழ்ச்சிதானே? நம் காளமேகம் சிவனைப் பாடியதைப் போல. திட்டுவது மாதிரித் திட்டிப் புகழ்வது. இதில் குழப்பம் எங்கே வந்தது?

நெய்தல்

இரவுப்பணி, இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வஞ்சப்புகழ்ச்சியில் திட்டு பொய், உள்ளே இருக்கிற புகழ் நிஜம். கடவுளைப் பிச்சைக்காரன், பித்தன் என்று பாடினால் கேட்கிற எல்லோருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். இந்தப் பாட்டில் சொல்கிற குறைகள் நிஜமான குறைகள். அழகில்லை என்றால் அழகில்லைதான்.

எனக்கு இந்தப் பாட்டு பிடிக்காது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்கு நிச்சயமாகியிருந்த ஒருவர், பத்து வருடத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் நடுவில் என்னைப் பார்த்து "இவ சிரிச்சா எனக்குச் சிரிப்பு வருது, ஆனா பிடிச்சிருக்கு" என்றார். எல்லோரும் அதை ஏதோ பெரிய காதல் வசனம் போல ரசித்தார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சம்பந்தம் வேறு காரணங்களால் நின்றுபோனது, அது வேறு கதை. ஆனால் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பதிவைக் கேட்கும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் விழும். உன் உடம்பு சரியில்லை, உன் முகம் சரியில்லை, ஆனால் பெரிய மனது பண்ணி உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு ஆண், ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வது.

பின்வரிசை

நெய்தல், நீங்கள் சொன்னதை அப்படியே மதிக்கிறேன், அந்த வலி நியாயமானது. ஆனால் ஒன்று தெரிந்தால் பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி கேட்கலாம். இது ஆண் பாடுவதற்காக எழுதப்பட்ட பாட்டே இல்லை.

பேப்ஸ் இன் ஆர்ம்ஸ் என்ற இசை நாடகம். 1937 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கில் ஷூபர்ட் அரங்கில் மேடையேறியது. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் லோரன்ஸ் ஹார்ட். கதை எளிமையானது. வாடெவில் என்கிற பல்சுவை மேடை நடிகர்கள் பிழைப்புக்காக ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கு அனுப்பிவிடப் பார்க்கிறது ஊர். அதிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகளே சேர்ந்து ஒரு மேடை நிகழ்ச்சி போடுகிறார்கள். அதில் பில்லி என்ற பெண், வால் என்ற பையனைப் பார்த்துப் பாடுவதுதான் இந்தப் பாட்டு. பில்லியாக நடித்த மிட்ஸி கிரீனுக்கு அப்போது 16 வயது. வால் என்பது வேலண்டைன் என்ற பெயரின் சுருக்கம், அவனுடைய முழுப்பெயர் வேலண்டைன் லாமார். அதனால் "என் வேலண்டைன்" என்பது முதலில் ஒரு பையனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, காதலர் தினம் என்ற அர்த்தமெல்லாம் அதன் மேல் வந்து உட்கார்வது. கடைசி வரியில் எல்லா நாளும் வேலண்டைன் நாளே என்று வருகிறதே, அதிலும் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றாக ஓடுகிறது. பிப்ரவரி 14க்கு என்று உட்கார்ந்து எழுதிய பாட்டு இல்லை.

1939இல் இதே நாடகம் ஜூடி கார்லண்ட் நடித்துப் படமாக வந்தபோது இந்தப் பாட்டு அதில் இடம்பெறவில்லை. நாடகத்தைப் பார்க்காத தலைமுறைக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் 1950களின் பாடகர்களும் ஜாஸ் வாத்தியக்காரர்களும்தான். சினாட்ரா 1953இல் பதிவு செய்தார், அடுத்த ஆண்டு வந்த அவருடைய ஆல்பத்தில் அதுதான் முதல் பாட்டு. அவர் பாடிய நொடியில் கேட்கிறவர்கள் எதிரே ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டார்கள். நெய்தல் சொல்கிற உறுத்தல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜாஸ் பாடகர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு முன்பகுதி இந்தப் பாட்டுக்கு உண்டு. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956இல் பாடியதில் அது இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பழங்காலச் செய்யுள் ஆங்கிலத்தில், பெரிய மாவீரனுக்கு மெய்க்கீர்த்தி வாசிப்பது போல ஆரம்பித்து, அவன் நேர்மையானவன், உண்மையானவன், கொஞ்சம் அசடு என்று முடியும். அந்த முன்பகுதியோடு கேட்டால் ஒரு சின்னப் பெண் தோழனின் காதைத் திருகுகிற குறும்பு தெரியும். அது இல்லாமல் நேராகப் பல்லவிக்குள் போனால் குறும்பு போய்விடுகிறது, மைனர் மெட்டின் சோகம் மட்டும் மிச்சம்.

பழைய ரேடியோ

பின்வரிசை, நன்றி. ஒரு பெண் பாடுவது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் கிண்டல் என்றே வைத்துக்கொள்ளலாமா? ஆனால் கிண்டலுக்கு யாராவது இவ்வளவு துக்கமான மெட்டு போடுவார்களா?

மூன்றாம் கட்டை

மெட்டு பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நான் வருகிறேன். கீபோர்டில் இந்தப் பாட்டைப் பல வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

சி மைனரில் ஆரம்பிக்கும். குரல் சி, டி, ஈ பிளாட் என்று மூன்றே ஸ்வரத்துக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், வேறு எங்கேயும் போகத் துணியாத மாதிரி. அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் சி, பி, பி பிளாட், ஏ, ஏ பிளாட் என்று அரை அரைப் படியாக இறங்கிக்கொண்டே போகும். மேலே குரல் ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறது, அடியில் தரை மெல்ல மெல்லக் கீழே போகிறது. வரிகளைக் கேட்காமலே இதை மட்டும் வாசித்துப் பாருங்கள், கிண்டல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது பயம் மாதிரித்தான் கேட்கும்.

அடுத்து கட்டமைப்பு. அந்தக் காலத்து மேடைப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று), எட்டு எட்டாக நான்கு பகுதி. இதில் கடைசிப் பகுதி மட்டும் 12 பார், ஆக மொத்தம் 36. ஏன் நீண்டது? அந்தக் கடைசிப் பகுதியில்தான் "இரு" என்ற சொல் வருகிறது. அதுவரை அடக்கமாக இருந்த குரல் பாட்டிலேயே உயரமான இடத்துக்கு ஏறுவது அந்தச் சொல்லில்தான். ஏறிய பிறகு இறங்கி வர இடம் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அந்த நான்கு பார். இறங்கி வரும்போது மெட்டு மைனரின் சோகத்தை விட்டு, வெளிச்சமாகக் கேட்கும் ஈ பிளாட் மேஜரில் முடிகிறது.

ராட்ஜர்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்தபோது பெரும்பாலும் மெட்டுதான் முதலில், வரி பிறகு. நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிற வழக்கம்தான். இதுவும் அப்படி வந்த மெட்டாக இருந்தால், உச்சியில் ஒரு நீண்ட ஸ்வரம் ஹார்ட் கையில் வந்திருக்கும். அங்கே எந்தச் சொல்லை வைப்பது என்பது அவர் முடிவு. "காதலிக்கிறேன்" என்று வைத்திருக்கலாம், "அழகே" என்று வைத்திருக்கலாம். போகாதே என்கிற அர்த்தத்தில், ஒரே அசையில், "இரு" என்று வைத்தார். என்னைக் கேட்டால் பாட்டு முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. அதற்கு முன்னால் வருகிற கேலியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லத் தைரியம் வராமல் பேசுகிற பேச்சு.

இரவுப்பணி

மூன்றாம் கட்டை, அருமை. வஞ்சப்புகழ்ச்சி என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நெய்தல் சரியாகத்தான் பிடித்தார்.

ஹார்ட்டின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனிதர் 5 அடிக்கும் குறைவு. தன் தோற்றத்தை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நம்பியவர். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர், அந்தக் காலத்தில் அதை வெளியில் சொல்ல வழியில்லை. ஆயுளில் பெரும்பகுதி அம்மாவோடு ஒரே வீடு. குடி அவரை மெல்ல மெல்லத் தின்றது. 1943இல் அம்மா இறந்தார், அதே ஆண்டு நவம்பர் 22 அன்று நிமோனியாவில் இவரும் போய்விட்டார், 48 வயது. அப்படிப்பட்டவர், போட்டோவுக்குப் பொருந்தாத ஒரு முகத்தைப் பார்த்து யாரோ ஒருவர் "மாறாதே, இரு" என்று சொல்வதாக எழுதுகிறார். தன்னிடம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியதை எழுதிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பின்வரிசை

இருக்கலாம், ஆனால் அந்த ஒரு சாவியை வைத்தே பூட்டைத் திறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாமே. ஹார்ட் நாடகத்துக்கு எழுதியவர், பில்லி என்ற பெண்ணின் வாயில் பொருந்த வேண்டும், மேடையில் எடுபட வேண்டும். அதே நாடகத்துக்கு அவர் எழுதிய மற்ற பாட்டுகளில் இந்த ஏக்கம் இல்லாததும் உண்டு. தி லேடி இஸ் எ டிராம்ப்பும் அதே நாடகம்தான், அதில் யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. கவிஞரின் துயரத்தைப் பாட்டுக்குள் தேடுவது நமக்கெல்லாம் பிடித்த வேலை, எனக்கும்தான். ஆனால் அவர் தொழில் திறமையை அது மறைத்துவிடக் கூடாது.

ஒரு உதாரணம். இரண்டாவது வரியில் "காமிக் வேலண்டைன்" என்று வரும், அதற்கு முன்னால் "இனிய" என்ற அடைமொழி. காமிக் வேலண்டைன் என்பது அமெரிக்காவில் நிஜமாகவே விற்ற ஒரு பொருள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே காதலர் தினத்துக்கு அழகான வாழ்த்து அட்டைகளோடு மலிவான கேலி அட்டைகளும் விற்றன. பெரிய மூக்கு, வழுக்கை, தொப்பை என்று கோரமாகப் படம் வரைந்து, கீழே நாலு வரி வசவுப் பாட்டு அச்சடித்திருக்கும். பிடிக்காதவர்களுக்குப் பெயர் போடாமல் தபாலில் அனுப்புவார்கள். வாங்கியவர் எவ்வளவு நொந்துபோயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 1937இல் அரங்கில் இருந்த பலருக்கு அந்த அட்டைகள் நினைவில் இருந்திருக்கும். அந்தக் கேலி அட்டையின் பெயருக்கு முன்னால் "இனிய" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார் ஹார்ட். ஊரே கேலிப்படமாகப் பார்க்கிற முகத்தை இவள் தனக்குப் பிடித்த கலைப்படைப்பு என்கிறாள். வரிகளில் போட்டோவும் சிலையும் ஓவியமும் வந்துகொண்டே இருப்பது இதனால்தான் என்று நான் படிக்கிறேன்.

நெய்தல்

இந்த அட்டை விஷயம் எனக்குப் புதிது. இரண்டு முறை படித்தேன்.

இருந்தாலும் கேட்கிறேன். அந்த அட்டையில் இருந்த வசவை இவளும் திரும்பச் சொல்கிறாள்தானே? சொல்லாமலே நேசித்திருக்கலாமே.

சொல்லேர்

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்பதால் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ஃபன்னி. தமிழில் எதை வைப்பீர்கள்? "வேடிக்கையான" என்றால் தெருவில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. "கோமாளி" என்றால் வசவு. "விநோதமான" என்றால் பாசம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் சிரிக்க வைப்பதையும் குறிக்கும், கொஞ்சம் விசித்திரமானதையும் குறிக்கும். நம் வீடுகளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு "அசடு", "மக்கு" என்று கொஞ்சுகிறோமே, அந்த இடம்தான் நெருங்கி வருகிறது. "என் அசடே" என்று பாடிப் பாருங்கள், பாதி தூரமாவது போகும்.

இன்னொரு இடம், இதைத்தான் யாரும் கவனிக்காமல் போகிறோம். ஒரு முடியைக்கூட மாற்றாதே என்பதோடு வாக்கியம் முடியவில்லை, "என்மேல் உனக்கு அக்கறை இருந்தால்" என்று நீள்கிறது. அதாவது அவன் அவளை நேசிக்கிறானா என்பது அவளுக்கே தெரியாது. நெய்தல், உங்களுக்கு நடந்ததில் சொன்னவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, சபைக்கு நடுவில், தான் உயரத்தில் நின்றுகொண்டு சொன்னார். இவள் கீழே நிற்கிறாள். அவன் போய்விட்டால் இவளிடம் ஒன்றுமில்லை.

ரயிலடி

இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போகிறவன். இன்று எழுதத் தோன்றியது.

நான்கு வருடம் முன்பு என் மனைவிக்கு முகவாதம் வந்தது. காலையில் பல் துலக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது, கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மருந்து, பயிற்சி எல்லாம் செய்து பெரும்பகுதி சரியாகிவிட்டது. ஆனால் சிரித்தால் இடது பக்கம் வாய் கொஞ்சம் பின்தங்கியே வரும். அதன் பிறகு போட்டோ என்றாலே எழுந்து போய்விடுவாள். மகள் கல்லூரி முடித்த நாளில் எடுத்த படத்தில் அவள் இல்லை.

நான் "ஒன்றும் தெரியவில்லை", "முன்னைப் போலவே இருக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு நாள் ராத்திரி அவள் சொன்னாள், "தெரியலன்னு சொல்லாதீங்க, தெரியுது, நீங்க பார்க்கவே மாட்டேங்கறீங்கன்னு தோணுது." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெய்தல் அம்மா, நீங்கள் சொல்லாமலே நேசித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், அவளுக்கு அது தனிமையாக இருந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது வேறு, அந்த மனிதர் சபையில் சிரிப்பு வாங்கச் சொன்னார், அது தப்புதான். ஆனால் இந்தப் பாட்டில் "வாய் கொஞ்சம் தொய்ந்ததோ" என்ற இடம் வரும்போது எனக்கு அவள் முகம் வருகிறது. நேராகப் பார்த்த பிறகு இரு என்று சொல்கிறது பாட்டு. பார்க்காமல் சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய ரேடியோ

ரயிலடி அண்ணா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி. அண்ணி நலமாக இருக்கட்டும்.

மூன்றாம் கட்டை

ரயிலடி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு செட் பேக்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

1952இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜெரி மல்லிகன் குழுவில் டிரம்பெட் வாசித்தபோதுதான் இந்தப் பாட்டு அவரோடு ஒட்டிக்கொண்டது. பியானோவே இல்லாத நால்வர் குழு அது, பாரிடோன் சாக்ஸஃபோன், டிரம்பெட், பேஸ், டிரம்ஸ் மட்டும். பின்னணியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாததால் டிரம்பெட் தனியாக வெட்டவெளியில் நடக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் 1954இல் பாடினார். அப்போது அவர் சினிமா நடிகர் போல இருப்பார், அவரைப் போல போட்டோவில் விழுந்த ஜாஸ் கலைஞர் அந்தக் காலத்தில் குறைவு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு, போட்டோவுக்குப் பொருந்தாத இன்னொருவரைப் பற்றிப் பாடுகிறார். குரல் எவ்வளவு இதமாக இருந்தாலும் அவர் வெளியில் நின்று பாடுகிற மாதிரித்தான் எனக்குக் கேட்கும்.

பிறகு போதைப் பழக்கம், சிறை, 1966இல் அடிபட்டுப் பற்கள் போனது, டிரம்பெட் ஊதுகிறவருக்குப் பல் போவது என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். பொய்ப்பல் வைத்துக்கொண்டு வாசிக்கத் திரும்பப் பழகினார். முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்தது, 58 வயதுக்காரர் எண்பது வயது போலத் தெரிந்தார். 1988 ஏப்ரல் 28 அன்று ஜெர்மனியின் ஹனோவரில் பெரிய வாத்தியக் குழுவோடு மேடையேறி இதே பாட்டைத் திரும்பவும் செய்தார். சரியாக 15 நாள் கழித்து, மே 13 அன்று, ஆம்ஸ்டர்டாமில் விடுதி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார்.

இந்த இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் பாட்டு திசை மாறிவிடுகிறது. சிரிப்புக்கு இடமான தோற்றம், தொய்ந்த வாய், எல்லாம் இப்போது அவருடையது. இரு என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

இன்னொரு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் வாசித்ததும் உண்டு. மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணிக்கு நிதி திரட்டிய கச்சேரி. ஏறக்குறைய 15 நிமிடம் போகும், மெட்டை முழுதாக வாசிக்கவே மாட்டார், நுனியைத் தொட்டுவிட்டு விலகிவிடுவார். வரி இல்லாமலே அந்தத் தயக்கம் அவ்வளவும் இருக்கும். அதைத் தனியாக ஒரு இழையில்தான் பேச வேண்டும்.

நெய்தல்

நேற்று ராத்திரி நீங்களெல்லாம் சொன்ன பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். முதலில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், முன்பகுதியோடு. அந்த "கொஞ்சம் அசடு" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், நினைத்தே பார்க்கவில்லை. பிறகு 1954. பிறகு ஹனோவர், அதை விளக்கை அணைத்துவிட்டு.

சினாட்ராவின் பதிவு எனக்கு இப்போதும் வேண்டாம். அது மாறாது என்று நினைக்கிறேன். ஆனால் ஹனோவரை இன்னொரு முறை போட்டேன்.

ரயிலடி அண்ணா, ஒன்று கேட்கலாமா? அண்ணிக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினீர்களா?

ரயிலடி

காட்டினேன் அம்மா. அர்த்தம் கேட்டாள், வரிவரியாகச் சொன்னேன். வாய் பற்றிய வரி வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதினவருக்கு யார் இப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். இரவுப்பணி எழுதியதைப் படித்துக் காட்டினேன்.